எதிரணியில் ஓர் உறவினர்

2022ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள், தாய்லாந்து நாட்டின் கோ சாமுய் தீவில் ஷேன் வார்ன் காலமானார். அப்போது அவருக்கு வயது 52. அன்றிரவு அச்செய்தி பெங்களூரை எட்டியபோது, அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மர்பி டவுனிலும் உள்ள தமிழ் இல்லங்கள் பலவற்றில் நெருங்கிய உறவினரை இழந்தாற்போன்ற துயரம் சூழ்ந்தது. அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழியினர் அல்லர். நம் அணிக்காக ஒருநாளும் பந்து வீசியவரும் அல்லர். அவ்வாறிருக்க, மெல்போர்னில் வளர்ந்த அந்த ஆஸ்திரேலியரை நாம் ஏன் நம்மவராக எண்ணினோம்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூர் சுழற்பந்தின் நுட்பம் அறிந்த நகரம். இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலக்கரத்தைக் கொண்டே உலகின் சிறந்த ஆட்டக்காரர்களை மருள வைத்த சந்திரசேகரும், பந்தை ஆகாயத்தில் மிதக்கவிட்டு மட்டைக்காரரின் பொறுமையைச் சோதித்த பிரசன்னாவும் இந்நகரின் ஆட்டக்காரர்கள். அவர்களோடு நம் சென்னையின் வெங்கடராகவனும், பஞ்சாபின் பிஷன் சிங் பேடியும் சேர்ந்து நால்வராக விளங்கிய காலத்தை நம் பெரியோர் இன்னும் கதையாகச் சொல்லக் கேட்கிறோம். பிழைப்பின் பொருட்டு இங்கு வந்த நம் முன்னோருக்கு, கன்னட அண்டை வீட்டாரோடு தயக்கமின்றிப் பேசக் கிடைத்த முதற் பொருள்களுள் ஒன்று இந்தச் சுழற்பந்து. பிரசன்னா பெரியவரா, வெங்கடராகவன் பெரியவரா என்று திண்ணையில் வாதிட்டவர்கள், வாதம் முடிந்ததும் ஒரே குவளைக் காப்பியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்த நட்புக்கும் சோதனை வந்தது. 1991ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரிப் பூசலால் இந்நகரில் மூண்ட கலவரத்தை நம் குடும்பங்கள் எளிதில் மறப்பதற்கில்லை. கதவடைத்து அஞ்சியிருந்த நாள்கள் அவை. அதன்பின் மூன்று வாரங்கள் கழிந்து, 1992 ஜனவரி 2ஆம் நாள், சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக ஒரு டெஸ்ட் பந்தயம் தொடங்கிற்று. அதில் ரவி சாஸ்திரி 206 ஓட்டங்கள் எடுத்தார். இளைஞரான டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 148 எடுத்தார். அண்டை வீட்டாரோடு முகம் பார்த்துப் பேசத் தயங்கிய அந்நாள்களில், முந்தின நாள் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கைக் கேட்பதென்ற சாக்கில் பேச்சு மெல்ல மீண்டது. அந்தப் பந்தயத்தில்தான், பொன்னிற முடியும் பருத்த உடலுமாக ஓர் இளைஞர் முதன்முதலாக ஆஸ்திரேலியாவுக்குப் பந்து வீசினார். 45 ஓவர்கள் வீசி 150 ஓட்டங்களைக் கொடுத்து அவர் பெற்றது ஒரே விக்கெட். அது சாஸ்திரியின் விக்கெட். அந்த இளைஞரின் பெயரை அன்று நாம் நினைவில் கொள்ளவும் இல்லை.

வார்னின் இளமை வெற்றிகளால் ஆனதன்று. அவர் விரும்பியது ஆஸ்திரேலியக் கால்பந்தாட்டத்தை. செயின்ட் கில்டா கழகம் அவரை வைத்துக்கொள்ளவில்லை. பின்பு அடிலெய்டில் இருந்த கிரிக்கெட் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். ஒழுங்குக் குறைவால் அங்கிருந்தும் 1990இல் வெளியேறினார். ஆயினும் அங்கே அவருக்கு ஓர் ஆசான் வாய்த்தார். டெர்ரி ஜென்னர் என்பது அவர் பெயர். ஆஸ்திரேலியாவுக்காக 9 டெஸ்ட் பந்தயங்கள் ஆடியவர். பின்னாளில் பணக் கையாடற் குற்றத்திற்காகச் சிறை சென்று மீண்டவர். வழிதவறி மீண்ட ஆசிரியரும் வழி தெரியாத மாணவரும் சேர்ந்தே, வேகப்பந்தின் ஆரவாரத்தில் மங்கிக் கிடந்த லெக் ஸ்பின் என்னும் கலைக்குப் புத்துயிர் ஊட்டினர்.

அந்த உயிர்ப்பின் முதல் அடையாளம் தோன்றிய இடம் கொழும்பு நகரம். 1992 ஆகஸ்டில் இலங்கைக்கு எதிராக அவர் ஆடியபோது, அதுவரை தம் டெஸ்ட் வாழ்வில் 335 ஓட்டங்களைக் கொடுத்து ஒரே விக்கெட்டைத்தான் பெற்றிருந்தார். வெற்றிக்கு 181 ஓட்டங்கள் தேவையாயிருந்த இலங்கை அணி, இலக்கை நெருங்கிய வேளையில், தலைவர் ஆலன் பார்டர் துணிந்து அவர் கையில் பந்தைக் கொடுத்தார். வார்ன் ஓர் ஓட்டமும் கொடாமல் கடைசி மூன்று விக்கெட்டுகளையும் வீழ்த்த, ஆஸ்திரேலியா 16 ஓட்டங்களில் வென்றது. அதே தொடரின் அடுத்த பந்தயத்தில், அதே கொழும்பில், கண்டியைச் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞர் இலங்கை அணிக்கு முதன்முதலாக ஆடினார். அவரே முத்தையா முரளிதரன். உலகில் எவரும் எட்டாத உயரத்தைப் பின்னாளில் எட்டவிருந்த இருவரும் ஒரே மாதத்தில், ஒரே நகரில், எதிரெதிர் அணிகளில் நின்றார்கள்.

வார்னின் கலை யாது? 1993 ஜூன் 4ஆம் நாள், இங்கிலாந்தின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் மைக் கேட்டிங்குக்கு அவர் வீசிய பந்தைக் கொண்டு அதனை விளக்கலாம். மணிக்கட்டைச் சுழற்றி, மோதிர விரலால் திருகி விடப்படும் பந்து கடுமையாகச் சுழன்றுகொண்டே வரும். அச்சுழற்சி தன்னைச் சூழ்ந்த காற்றையும் இழுத்துச் செல்வதால், ஒரு பக்கத்தில் காற்றின் அழுத்தம் மிக, மறு பக்கத்தில் குறையும். அதனால் நேராக வருவதுபோல் புறப்பட்ட பந்து, வலக்கை ஆட்டக்காரரின் கால் பக்கமாக ஆகாயத்திலேயே நகரும். அவர் எதிர்பார்த்த இடத்திற்குச் சற்று முன்பாகவே தாழ்ந்து விழும். விழுந்தபின் எதிர்த் திசையில் திரும்பும். அன்று கால் குச்சிக்கு வெளியே விழுந்த பந்து, அகன்று நின்ற கேட்டிங்கின் மட்டையைக் கடந்து வெளிக் குச்சியின் உச்சியைத் தட்டிற்று. என்ன நிகழ்ந்ததென்று அறியாமல் கேட்டிங் திகைத்து நின்ற காட்சியை உலகம் இன்றும் பார்த்து வியக்கிறது. இங்கிலாந்தில் வார்ன் வீசிய முதல் டெஸ்ட் பந்து அது என்பதை எண்ணும்போது, அந்த நெஞ்சுரத்தை என்னென்பது!

இத்தகைய கலைஞர் நம் நாட்டிற்கு வந்தபோது நாம் அவரைத் தோற்கடிக்கவே விரும்பினோம், அதில் ஐயமில்லை. 1998 மார்ச்சில் சேப்பாக்கத்தில் முதல் இன்னிங்சில் டெண்டுல்கரை 4 ஓட்டங்களில் அவர் வீழ்த்தினார். இரண்டாம் இன்னிங்சில் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 155 எடுத்துப் பழி தீர்த்தார். வார்ன் கால் பக்கத்துக் கரடுமுரடான நிலத்தில் பந்தைப் போடுவார் என்று முன்கூட்டியே கணித்து, நம் சென்னையின் லட்சுமண் சிவராமகிருஷ்ணனை அவ்வாறே வீசச் செய்து டெண்டுல்கர் பயின்றிருந்தார். அந்த வெற்றியில் ஒரு தமிழரின் மணிக்கட்டுக்கும் பங்குண்டு என்று நாம் பூரித்தோம்.

அத்தொடரின் மூன்றாம் பந்தயம் நம் பெங்களூரில், சின்னசாமி அரங்கில் நடந்தது. இந்தியா ஏற்கெனவே தொடரை வென்றிருந்தது. தோள் வலியோடும் அடிபட்ட மனத்தோடும் இங்கு வந்த வார்ன், டெண்டுல்கர் 177 ஓட்டங்கள் குவித்ததையும் கண்டார். ஆயினும் அவர் ஓயவில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் லான்ஸ் கிப்ஸ் பெற்றிருந்த 309 விக்கெட்டுகளை இங்கேதான் அவர் கடந்தார். டெஸ்ட் வரலாற்றில் அதுவரை தோன்றிய சுழற்பந்து வீச்சாளர் அனைவரையும் விஞ்சி அவர் முதலிடம் பெற்றது நம் ஊர் மண்ணில்தான்! பந்தயத்தை ஆஸ்திரேலியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. தோல்வியின் நடுவிலும் நம் அரங்கத்தார் அவருக்குக் கைதட்டினர். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என எம்மொழி பேசுவோராயினும் அந்தக் கைதட்டலுக்கு மொழி ஒன்றே.

இந்தியாவுக்கு எதிராக 14 டெஸ்ட் பந்தயங்களில் அவர் பெற்றவை 43 விக்கெட்டுகளே. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 47 ஓட்டங்கள் கொடுத்தார். மொத்தம் 145 பந்தயங்களில் 708 விக்கெட்டுகளை 25 ஓட்டச் சராசரியில் பெற்ற ஒருவருக்கு இது சிறு கணக்கே. ஆனால், தம்மை அதிகம் துன்புறுத்திய டெண்டுல்கரைப் புகழ்வதில் அவர் எள்ளளவும் உலோபம் காட்டியதில்லை. நம் இதயத்தில் அவர் இடம்பெற்றதற்கு இதுவே முதற்காரணம்.

இனி, முரளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்து சென்ற குடும்பத்தின் வழித்தோன்றல் அவர். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம் அவரை நம் வீட்டுப் பிள்ளையாகவே கருதினோம். 1995 டிசம்பரில் மெல்போர்னில் அவருடைய பந்து வீச்சு முறையற்றதென நடுவர் கூறியபோது நம் உள்ளம் கொதித்தது. பின்னர் அறிவியல் முறையில் அவர் கை ஆராயப்பட்டு ஐயம் நீங்கிய பின்னும், ஆஸ்திரேலிய அரங்குகளில் அவரை ஏளனம் செய்தோர் உண்டு. இந்நிலையில் வார்னும் முரளியும் ஒருவரையொருவர் முந்தி ஓடிய ஓட்டத்தில் நாம் யார் பக்கம் நின்றோம் என்று சொல்லவும் வேண்டுமோ? 2004 மார்ச்சில் வார்ன் காலியில் 500 விக்கெட்டைத் தொட்ட சில நாள்களில் முரளி கண்டியில் அதனைத் தொட்டார். அவ்வாண்டு அக்டோபரில் சேப்பாக்கத்தில் இர்ஃபான் பத்தானை வீழ்த்தி, முரளியின் 532ஐக் கடந்தார் வார்ன். தமிழ் மண்ணில் தமிழரின் சாதனை முறிந்ததே என்று நம்மில் சிலர் வருந்தினர். 2007 டிசம்பரில் கண்டியில் முரளி 708ஐக் கடந்தபோது அந்த வருத்தம் தீர்ந்தது. முடிவில் அவர் 800இல் நின்றார்.

இருவருக்குமிடையே கசப்பான சொற்கள் நடமாடிய காலமும் இருந்தது. அதனை மாற்றியது ஒரு பெருந்துயரம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையின் கரைகளையும் நம் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் சூறையாடிற்று. அடுத்த ஜனவரி 10ஆம் நாள், துயருற்றோருக்கு நிதி திரட்ட மெல்போர்னில் நடந்த பந்தயத்தில் இருவரும் ஆடினர். அதன்பின் வார்ன் இலங்கைக்குச் சென்றார். தாம் 500ஆவது விக்கெட்டைப் பெற்ற காலி மைதானம் சேறும் இடிபாடுமாய்க் கிடந்ததைக் கண்டார். முரளியோடு சேர்ந்து உதவிப் பணிகளில் கலந்துகொண்டார். இன்று ஆஸ்திரேலியாவும் இலங்கையும் மோதும் டெஸ்ட் தொடரின் கோப்பைக்கு இவ்விருவர் பெயருமே சூட்டப்பட்டுள்ளது. போட்டியாளர் இருவர் ஒரே கோப்பையில் கைகோத்து நிற்பதைக் காட்டிலும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தக்க பாடம் வேறு உண்டோ?

பிள்ளைகள் என்றதும் ஓர் உண்மையையும் ஒளியாமல் உரைக்க வேண்டும். வார்ன் குற்றமற்றவர் அல்லர். 1994இல் இலங்கைப் பயணத்தின்போது சூதாட்டத் தரகன் ஒருவனிடம் பணம் பெற்று, ஆடுகளத்தைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் செய்தி சொன்னார். அதற்காக அபராதம் செலுத்தினார். 2003இல் தடைசெய்யப்பட்ட மருந்தை உட்கொண்டமைக்காக ஓராண்டு ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். அவரது இல்லற வாழ்வின் குழப்பங்கள் பத்திரிகைகளில் பந்தாடப்பட்டன. “இத்தகையவரை நீங்கள் ஏன் போற்றுகிறீர்கள்?” என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், நாம் மழுப்புதல் தகாது. தவறு தவறே, தண்டனையும் முறையே. ஆனால் தண்டனை முடிந்து அவர் ஆடிய முதல் டெஸ்ட் பந்தயத்தில், காலியில், 10 விக்கெட்டுகளை வீழ்த்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். விழுந்தவர் எழலாம் என்பதற்கு அது சான்று. கலையைப் போற்றும்போது கலைஞரின் குறையை மறைக்க வேண்டுவதில்லை. குறையைக் கண்டபோது கலையை மறுக்கவும் வேண்டுவதில்லை.

2007 ஜனவரியில் சிட்னியில் தம் கடைசி டெஸ்ட் பந்தயத்தை ஆடிய வார்ன், பின்னர் வர்ணனையாளராக அமர்ந்தார். லெக் ஸ்பின்னரே வர்ணனையாளராவது ஆஸ்திரேலியாவுக்குப் புதிதன்று. 1956இல் சென்னையில் ஒரே இன்னிங்சில் 72 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்திய ரிச்சி பெனோ, பிற்காலத்தில் உலகமே செவிமடுத்த குரலாக விளங்கி 2015இல் மறைந்தார். பெனோவின் அழகு அளந்து பேசுவதில் இருந்தது. வார்ன் அள்ளிப் பேசுவார்; அவருடைய அழகு அதில் இருந்தது.

வானொலிப் பெட்டியருகே அமர்ந்து அப்துல் ஜப்பார், கூத்தபிரான் முதலியோரின் தமிழ் வர்ணனையில் ஆட்டத்தைக் கண்ணால் காண்பதுபோல் கண்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. சொல்லால் காட்சியைப் படைப்பது அவர்கள் கலை. தொலைக்காட்சி வந்தபின் காட்சி தானே தெரிந்தது. காட்சிக்குள் மறைந்திருக்கும் எண்ணத்தைக் காட்ட வல்லவர் தேவைப்பட்டார். அத்தேவையை வார்ன் நிறைவேற்றினார். இந்த ஆட்டக்காரரை ஏமாற்ற எந்த இடத்தில் ஆளை நிறுத்த வேண்டும், ஏன் அந்த இடத்தைத் திறந்து விட வேண்டும், மூன்று பந்துகள் கழித்து வரப்போகும் பொறி எது என்று முன்னதாகவே விளக்குவார். பலமுறை அவர் சொன்னவாறே நிகழும். மணிக்கட்டின் திசையைக் கண்டு லெக் ஸ்பின்னையும் கூக்ளியையும் பிரித்தறிய, அதுவரை ஓட்டக் கணக்கை மட்டுமே கேட்டுவந்த நம் இல்லத்துப் பெண்டிரும் கற்றனர். அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, “இவன் அடுத்த பந்தைத் தாழ்வாகப் போடுவான்” என்று சொல்லும் பாட்டிமார் நம்மிடையே உள்ளனர்.

வீச்சும் பேச்சும் ஒன்றான ஒரு தருணமும் உண்டு. 2011 டிசம்பரில் பிரிஸ்பேனில் நடந்த இருபது ஓவர் பந்தயத்தில், சட்டையில் ஒலிவாங்கியைப் பொருத்திக்கொண்டு வார்ன் பந்து வீசினார். எதிரே நின்றவர் பிரெண்டன் மெக்கல்லம். அவர் கால் பக்கமாகத் துடைத்தடிக்க முயலக்கூடும், ஆகவே விரைந்து சறுக்கி வரும் பந்தொன்றை வீசுவேன் என்று வர்ணனையாளரிடம் கூறிவிட்டு வார்ன் நடந்தார். அவ்வாறே வீசினார், மெக்கல்லமும் அவ்வாறே அடிக்க முயன்று குச்சியை இழந்தார். அதே ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் நம் சின்னசாமி அரங்கில் இந்தியாவும் இங்கிலாந்தும் உலகக் கோப்பைப் பந்தயத்தில் மோதின. கொல்கத்தாவில் நடக்க வேண்டியது, அங்கு அரங்கம் ஆயத்தமாகாமையால் இங்கு மாற்றப்பட்ட பந்தயம் அது. ஆட்டத்திற்கு முன்பே வார்ன் தம் கணிப்பை எழுதினார்: வெற்றி தோல்வியின்றிச் சமநிலையில் முடியும் என்று! டெண்டுல்கர் 120 எடுக்க இந்தியா 338 சேர்த்தது. ஸ்டிராஸ் 158 எடுக்க இங்கிலாந்தும் 338இலேயே நின்றது. அன்றிரவு கப்பன் பூங்கா வழியே வீடு திரும்பிய நம்மவர், ஆட்டத்தைவிட வார்னின் வாக்கையே அதிகம் பேசினர்.

2008இல் முதல் ஐபிஎல் போட்டியில், எவரும் பொருட்படுத்தாத ராஜஸ்தான் அணிக்குத் தலைவராகவும் பயிற்சியாளராகவும் அமைந்து கோப்பையை வென்றார். இறுதிப் பந்தயத்தின் கடைசிப் பந்தில் அவ்வணி வீழ்த்தியது நம் சென்னை அணியை! அன்று நாம் உணவு கொள்ளாமல் உறங்கச் சென்றதுண்டு. ஆயினும் அவ்வணியில் அவர் ஊக்கி வளர்த்த இளைஞர்களுள் ஒருவரான ரவீந்திர ஜடேஜா, பிற்காலத்தில் சென்னைக்கே ஆடி, 2023இல் கடைசிப் பந்தில் கோப்பையைப் பெற்றுத் தந்தார். வட்டியோடு கடன் தீர்ந்தது என்றே நாம் மகிழ்ந்தோம்.

அவர் மறைந்த எட்டாம் நாள், 2022 மார்ச் 12 அன்று, சின்னசாமி அரங்கில் இந்தியாவும் இலங்கையும் ஆடிய டெஸ்ட் பந்தயம் தொடங்கிற்று. அப்பந்தயத்தில் சென்னையின் அஸ்வின், டேல் ஸ்டெயினின் 439 விக்கெட்டுகளைக் கடந்தார். வார்ன் கிப்ஸைக் கடந்த அதே மண்ணில் ஒரு தமிழர் மற்றொரு படியில் ஏறியதைக் கண்டோம். வர்ணனைக் கூடத்தில் அந்தக் குரல் இனி ஒலியாதே என்னும் எண்ணம் மட்டும் மகிழ்ச்சியின் நடுவே முள்ளாய் உறுத்திற்று. அம்மாதம் 30ஆம் நாள் மெல்போர்ன் மைதானத்தில் பல்லாயிரவர் கூடி அவருக்கு அஞ்சலி செலுத்தினர். அங்குள்ள பெரிய பார்வையாளர் மாடத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அயலூரில் வாழும் நமக்கு, நம் மொழியையும் நம் அணியையும் நம் முரளியையும் நேசிப்பது இயல்பு. அதனை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. எதிரே நிற்பவரின் திறமையைக் கண்டு நெஞ்சார மெச்சுவதற்கே பயிற்சி தேவை. அப்பயிற்சியை நமக்கு முப்பது ஆண்டுகள் தந்தவர் வார்ன். 1991இன் காயம் ஆறத் தொடங்கிய நாள்களில் அறிமுகமாகி, நம்மை வென்றும் நம்மிடம் தோற்றும் நம்மைப் புகழ்ந்தும் அவர் நமக்கு உறவினரானார். எதிரணியிலும் உறவினர் உண்டு என்று அறிந்த வீட்டில் அண்டை அயலாரோடு பகை நெடுநாள் தங்காது.

விடுமுறை நாள்களில் நம் சிறுவர் தெருவில் ரப்பர்ப் பந்தை விரலிடுக்கில் வைத்துத் திருகிப் பார்க்கின்றனர். பத்துப் பந்துகளில் ஒன்று திரும்பினால் துள்ளிக் குதிக்கின்றனர். அவர்களிடம் வேகமாக வீசு என்று சொல்லாதிருப்போம். பொறுமையாகத் திருப்பு என்று சொல்வோம். 335 ஓட்டங்களுக்கு ஒரே விக்கெட் பெற்ற ஒருவர் 708இல் முடித்தார் என்னும் கதையையும் சொல்வோம்.

வார்ன் புகழ் வாழ்க! சுழற்பந்துக் கலை ஓங்குக!